அரை மில்லிமீட்டர் கவசம்: ஃபைபர் படகிலிருந்து ஓர் அறிவியல் பாடம்

அரியலூரும் பெரம்பலூரும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். ஆனால் அரியலூரின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடம், பழையாறு மீன்பிடித் துறைமுகத்தின் அருகில்தான் வங்கக்கடலில் கலக்கிறது. அந்தக் கரையில் இன்று கட்டுமரத்தைவிட ஃபைபர் படகுகளே அதிகம் கண்ணில் படுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, மறுவாழ்வு உதவியாக வழங்கப்பட்ட படகுகளில் பெரும்பகுதி ஃபைபர் படகுகளே. சோழமண்டலக் கடற்கரையின் தோற்றமே அதனால் மாறியது.

கொள்ளிடத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். பலபடி, ஒளி எதிரொளிப்பு, பரப்பு இழுவிசை, அளவீடு ஆகியவை பாடநூலில் தனித்தனி அலகுகளாக இருக்கின்றன. அவற்றை ஒரே பொருளில் காட்ட முடியுமா என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்தப் பாடம். என் மாணவர் ஒருவரின் தாய்மாமா பழையாற்றில் படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். உடைந்த படகு ஒன்றின் பக்கச் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத் துண்டை அவர் அறுத்துக் கொடுத்தார். அறுத்த விளிம்புகளில் கண்ணாடி இழைகள் கையைக் குத்தும் என்பதால், தடித்த ஒட்டுநாடா சுற்றிய பிறகே அதை வகுப்புக்குள் கொண்டுவந்தேன்.

இதைக் கற்பிக்க இன்னொரு காரணமும் இருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகளில் சிலர் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறை, வண்ணம் அடிக்கும் கொட்டகை, ஃபைபர் தொட்டி செய்யும் இடம் என்று வேலைக்குப் போகிறார்கள். அங்கே பறக்கும் தூசியும் கலக்கும் வேதிப்பொருளும் என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பள்ளியில் இருக்கும்போதே அதைச் சொல்லிவிடுவது நம் கடமை.

பெயரில் ஒரு குழப்பம்

முதல் கேள்வியாக, "நம் ஊரில் எதையெல்லாம் ஃபைபர் என்கிறோம்?" என்று கேட்டேன். நாற்காலி, குடம், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, மிதிவண்டி நிறுத்தத்தின் கூரைத் தகடு என்று பட்டியல் வந்தது. இவற்றில் பல வெறும் நெகிழி. உண்மையான ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். அடையாளம் எளிது. பளபளப்பில்லாத உட்பக்கத்தைப் பார்த்தால் இழைகள் பின்னியும் சிதறியும் கிடப்பது தெரியும். நெகிழி நாற்காலியைச் சூடாக்கினால் இளகும். படகுத் துண்டு இளகாது. ஏழாம் வகுப்பின் பலபடி வேதியியலில் வரும் இளகும் நெகிழி, இறுகும் நெகிழி என்ற பாகுபாட்டை இந்த இரண்டு பொருள்களை வைத்தே விளக்கலாம். ஆனால் சூடாக்கிக் காட்ட வேண்டாம். எரியும் நெகிழியின் புகை நச்சு.

கூட்டுப்பொருள் என்ற கருத்து பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மண்சுவர் வைக்க மண்ணில் வைக்கோல் கலந்து மிதிப்பதை அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மண் மட்டும் என்றால் வெடிக்கும். வைக்கோல் மட்டும் என்றால் நிற்காது. படகில் வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழை, மண்ணின் இடத்தில் பாலியெஸ்டர் பிசின். மணலின் சிலிக்கா, சுண்ணாம்புக்கல் தரும் கால்சியம் ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு ஆகியவற்றை உருக்கி அந்தக் கண்ணாடியைச் செய்கிறார்கள். அரியலூர்ப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக்கல் என்றால் சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். அதே வகைக் கல் கண்ணாடி இழைக்கும் மூலப்பொருள் என்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது.

பளபளப்பு எங்கிருந்து வந்தது?

படகின் வெளிப்பக்கம் பளபளப்பாக இருப்பதற்கு யாரும் அதைத் தேய்த்து மெருகிட்டது காரணம் அல்ல. ஃபைபர் படகை உள்ளிருந்து வெளியே கட்டுவதில்லை. வெளியிலிருந்து உள்ளே கட்டுகிறார்கள். முதலில் கண்ணாடிபோல் வழவழப்பான அச்சில் மெழுகு பூசுவார்கள். அதன்மேல் நிறமி கலந்த பிசினை ஒரு படலமாகப் பூசுவார்கள். அதற்கு ஜெல்கோட் என்று பெயர். அது ஓரளவு இறுகியதும் கண்ணாடி இழைப் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிசினில் ஊறவைப்பார்கள். எல்லாம் இறுகிய பின் அச்சிலிருந்து கழற்றினால், அச்சின் வழவழப்பு அப்படியே படகுக்கு வந்திருக்கும். படகின் பளபளப்பு அச்சின் நகல்.

ஜெல்கோட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் ஐந்து தாள்களைச் சேர்த்து விரலால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பினர் உதிர்ந்த ஜெல்கோட் சில்லு ஒன்றைத் திருகு அளவியில் வைத்து அளந்தார்கள். சோதனைக்கூடத்தில் கம்பியின் விட்டத்தை மட்டுமே அளந்துவந்த கருவிக்கு அன்று உண்மையான வேலை கிடைத்தது. வெயிலும் உப்பும் மணலும் கண்ணாடி இழையைத் தொடாமல் காப்பது இந்த ஐந்து தாள் தடிமன்தான். பாடத்தின் மையக் கருத்தும் இதிலிருந்தே வருகிறது: தேய்ந்த ஜெல்கோட் தானாக வளராது. நம் தோலில் சிராய்ப்பு ஆறுகிறது. படகின் தோலுக்கு அந்த வசதி இல்லை.

மங்குவது ஏன்?

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைக்கின்றன. மேற்பரப்பில் உள்ள பிசின் சிதைந்து போனதும், அது பிடித்து வைத்திருந்த நிறமித் துகள்கள் தளர்ந்து வெண்பொடியாக நிற்கின்றன. கறுப்புத் துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூள்போல ஒட்டும். எங்கள் துண்டை ஒரு மாணவி துடைத்துவிட்டு, "சார், கரும்பலகை துடைச்ச மாதிரி வருது" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் பாடநூலில் பார்த்ததில்லை.

அந்தப் பொடியும் நுண்ணிய கீறல்களும் சேர்ந்து பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. வழவழப்பான பரப்பில் ஒழுங்கான எதிரொளிப்பு. சொரசொரப்பான பரப்பில் ஒழுங்கற்ற எதிரொளிப்பு. நிறம் போய்விட்டது என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, ஒளி சிதறுவதால் ஏற்படும் மயக்கமே. மங்கிய இடத்தில் தண்ணீர் தெளித்தால் பழைய நிறம் சில நொடிகள் திரும்பி வரும். சொரசொரப்பின் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதே காரணம். நிறம் உள்ளே இருக்கிறது, மேற்பரப்பைச் சீராக்கினால் போதும் என்பதற்கு இது எளிய சான்று.

படகுக்கு வேறு இரண்டு துன்பங்களும் உண்டு. ஒன்று மணல். துறைமுகம் இல்லாத ஊர்களில் படகை நாள்தோறும் கரையேற்ற வேண்டியிருக்கிறது. பல இடங்களில் டிராக்டர் கட்டி இழுக்கிறார்கள். மணலிலுள்ள குவார்ட்ஸ், மோ கடினத்தன்மை அளவில் 7. பெரம்பலூர்ப் பக்கம் நிலத்தில் பொறுக்கி எடுக்கும் வெங்கச்சங்கல்லும் அதுவே. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3 மட்டுமே. இரண்டு கல்லையும் கொண்டுவரச் சொல்லி ஒன்றால் மற்றொன்றைக் கீறச் செய்தால், கடினத்தன்மை என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று கொப்புளம். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் படகில், நீர் மிக மெதுவாக ஜெல்கோட்டைக் கடந்து உள்ளே போகிறது. அங்கே முழுதாக வினைபுரியாத பொருள்களைக் கரைத்து அடர் கரைசலாகிறது. பிறகு சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக்கொண்டு படலத்தை மேலே தூக்குகிறது. இங்கே மாணவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: கொப்புளம் கடலில் கிடக்கும் படகில் அதிகம் வருமா, ஆற்றிலும் ஏரியிலும் கிடக்கும் படகில் அதிகம் வருமா? என் வகுப்பு முழுவதும் "கடல்" என்றது. விடை நன்னீர். வெளியே உள்ள நீரில் உப்பு குறைவாக இருந்தால் உள்ளேயிருக்கும் கரைசலோடு செறிவு வேறுபாடு அதிகம். அதனால் நீர் உள்ளே புகும் வேகமும் அதிகம். ஊறுகாய்க்கு உப்பிட்டால் மாங்காயிலிருந்து நீர் வெளியேறுவதை நினைவூட்டினால் இது எளிதில் பிடிபடும்.

நான்கு கட்டச் சோதனை

படகுத் துண்டைக் காகித ஒட்டுநாடாவால் நான்கு கட்டங்களாகப் பிரித்தோம். முதல் கட்டத்தைத் தொடவில்லை. அது ஒப்பீட்டுக் கட்டம். இரண்டாவதை நல்ல தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவினோம். மூன்றாவதைக் கழுவி, ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தோம். நான்காவதைக் கழுவி, தேய்த்து, அதன்மேல் மெழுகும் பூசினோம். காரின் மேற்பூச்சுக்குக் கடையில் கிடைக்கும் காம்பவுண்டும் மெழுகும் இந்தச் சோதனைக்குப் போதும்.

அளவீடு இல்லாமல் "நன்றாக இருக்கிறது" என்று எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. எனவே மூன்று அளவீடுகள் வைத்தோம்.

1. துணிச் சோதனை: ஒவ்வொரு கட்டத்தையும் கறுப்புத் துணியின் தனித்தனி மூலையால் பத்து முறை துடைத்து, ஒட்டிய பொடியை ஒப்பிடுதல்.

2. அளவுகோல் சோதனை: துண்டைத் தரையில் கிடத்தி, அளவுகோலின் சுழி முனை கீழே இருக்குமாறு அதன்மேல் செங்குத்தாக நிறுத்துதல். பிம்பத்தில் எத்தனை செ.மீ. வரை எண்களைப் படிக்க முடிகிறது என்று குறித்தல்.

3. நீர்த்துளிச் சோதனை: சொட்டுக்குழாயால் ஒரே அளவு துளியை ஒவ்வொரு கட்டத்திலும் விட்டு, பக்கவாட்டில் கைப்பேசியால் படம் எடுத்து, துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணத்தைப் பாகைமானியால் அளத்தல்.

முதல் கட்டத்தில் பிம்பத்தின் ஓரிரு எண்களே தெரிந்தன. கழுவியதும் துணியில் ஒட்டிய பொடி குறைந்தது. பளபளப்பு பெரிதாக மாறவில்லை. தேய்த்த கட்டத்தில் அளவுகோலின் பாதிக்கு மேல் படிக்க முடிந்தது. மெழுகு பூசிய கட்டத்தில் பிம்பம் மூன்றாவது கட்டத்தைப் போலவேதான் இருந்தது. ஆனால் நீர்த்துளி உருண்டு நின்றது. இந்த இடத்தில் மாணவர்களே கண்டுபிடித்த கருத்து முக்கியமானது: பளபளப்பைத் தருவது தேய்ப்பு, அதைக் காப்பது மெழுகு. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

துளி உருண்டு நிற்பதைப் பரப்பு இழுவிசையோடு இணைக்க, சேம்பு இலையும் தாமரை இலையும் போதும். "தாமரை இலைத் தண்ணீர்போல" என்ற தொடரைத் தமிழ் வகுப்பில் படித்தவர்கள், இலையின் மேல் மெழுகுப் படலம் இருப்பதை அறிவியல் வகுப்பில் அறிந்தார்கள். மெருகு மெழுகுகள் பலவற்றில் சேரும் கார்னாபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவதே. வெயிலில் ஓலை வறண்டுவிடாமல் காத்த மெழுகு இங்கே படகைக் காக்கிறது.

அளந்த பிறகு துண்டை மொட்டைமாடியில் வெயிலில் வைத்து, மாதம் ஒரு முறை அதே மூன்று அளவீடுகளையும் எடுத்தோம். மெழுகில்லாத மூன்றாவது கட்டம் முதலில் மங்கத் தொடங்கியது. நான்காவது கட்டத்திலும் துளி நாளடைவில் தட்டையானது. மெழுகும் தேய்கிறது, திரும்பப் பூச வேண்டும் என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

குறைவாகத் தேய்: வேலையின் வரிசை

கடலோர மாவட்ட ஆசிரியர்களின் வகுப்பில் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய வரிசை இது. விதி ஒன்றே: மிக மென்மையான முறையில் தொடங்கு, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போ.

முதலில் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மணல் துகள் ஒட்டியிருக்கும்போது துணியால் அழுத்தித் துடைத்தால், அந்தத் துணியே உப்புத்தாளாகிவிடும். காய்ந்த பின், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் மென்மையான பாலிஷ் போட்டுப் பார்க்க வேண்டும். அது போதுமென்றால் படகு முழுவதற்கும் அதுவே போதும். போதாவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட். அதுவும் போதாவிட்டால் மட்டுமே வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 1000, 1500, 2000 என்று ஏறுவரிசையில் தேய்க்கலாம். எண் கூடக் கூடத் துகள் பொடியாகும். பிள்ளைகள் இதைத் தலைகீழாக நினைப்பார்கள். எண் என்பது சல்லடைக் கண்களின் கணக்கிலிருந்து வந்தது என்றால் புரிந்துகொள்வார்கள். தேய்த்த பிறகு காம்பவுண்ட், பிறகு மெழுகு.

தேய்க்கும்போது அடியில் இழையின் பின்னல் நிழலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஜெல்கோட் தீர்ந்துவிட்டது என்பதன் அறிகுறி அது. அதற்கு மேல் மெருகு உதவாது. புதிய ஜெல்கோட்டோ இரு பகுதிப் பாலியூரித்தேன் பெயிண்டோதான் தீர்வு. பூசுவதற்கு முன் பழைய மெழுகைக் கரைப்பானால் முழுவதும் நீக்கியாக வேண்டும். நீக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். புதிய பூச்சு ஒட்டாமல் உரியும். அச்சிலிருந்து படகு எளிதாகக் கழன்று வர உதவிய அதே மெழுகு, பழுதுபார்க்கும்போது இடைஞ்சலாகிறது.

ஆழமான வெட்டு இழைவரை போயிருந்தால் அது மெருகு வேலை அல்ல. உள்ளே நீர் இருந்தால் முழுதும் உலர்த்தி, சிதைந்த பகுதியைச் சாய்வாக அரைத்து, இழை வைத்துப் பிசின் ஊற்றி, பட்டி பார்த்து மேற்பூச்சுப் பூச வேண்டும். அது பயிற்சி பெற்றவரின் வேலை. இதில் வேதியியல் ஆசிரியருக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சாதாரண ஜெல்கோட்டின் காற்றுப்படும் பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும். காற்றின் ஆக்சிஜன் பலபடியாக்கலைத் தடுக்கிறது. அச்சில் வார்க்கும்போது அதன் ஒரு பக்கத்தை அச்சும் மறுபக்கத்தை இழைப்பாயும் மூடிக்கொள்வதால் சிக்கல் இல்லை. வெளியே பூசும்போது, மேலெழுந்து மூடும் மெழுகுக் கரைசலைக் கலப்பார்கள், அல்லது நெகிழித் தாளால் மூடுவார்கள்.

கண்ணும் நுரையீரலும்

வகுப்பறையில் கழுவுதல், காம்பவுண்டால் தேய்த்தல், மெழுகு பூசுதல் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கையுறை அணியச் செய்து, திறந்த வெளியில் செய்யலாம். உப்புத்தாளில் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் பிசின் கலப்பதும் பள்ளியில் வேண்டாம். ஆனால் அவற்றைப் பற்றிய எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உலர்ந்து தேய்த்தால் பறக்கும் தூசியில் கண்ணாடி இழைத் துகள்கள் இருக்கும். அவை தோலில் அரிப்பையும் கண்ணில் உறுத்தலையும் மூச்சில் எரிச்சலையும் தரும். முகத்தில் கட்டிய துண்டு அதற்குப் போதாது. தூசி முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் தேவை. பிசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் உண்டாக்கும், தீயும் பிடிக்கும். மூடிய அறையில் வேலை கூடாது. பிசினை இறுகச் செய்யும் வினையூக்கி திரவம், மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு, கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைக் கெடுக்கலாம். பட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தத் திரவத்தையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்கு கலந்த பிறகே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும்.

அளவு தவறாமல் இருக்கக் கணக்கு தெரிய வேண்டும். 800 கிராம் பிசினுக்கு 1.5 விழுக்காடு வினையூக்கி என்றால் எத்தனை கிராம்? 12 கிராம். கூடினால் வேகமாகச் சூடேறி வெடிப்பு விடும், குறைந்தால் இறுகாது. சதவீதக் கணக்கை "எதுக்கு சார் இது?" என்று கேட்கும் பையனுக்கு இதுவே விடை.

எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளைகிறது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்த அனுபவம் பல வீடுகளில் உண்டு. பூச்சியும் நீரும் அண்டாமலிருக்க மரப்படகுகளுக்குக் காலங்காலமாகப் பூசிய எண்ணெய்களில் அதுவும் ஒன்று. காக்கும் பூச்சுகளில் பல, ஈரமாக இருக்கும்போது கையைச் சுடும் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து எளிதாக உணர்வார்கள்.

மதிப்பீடும் தொடர் பணியும்

பாடம் முடிந்ததும் நான் கேட்ட கேள்விகள்: கட்டம் ஒன்றை ஏன் தொடாமல் விட்டோம்? தண்ணீர் தெளித்தால் நிறம் திரும்புவதும், காய்ந்ததும் மறைவதும் எதைக் காட்டுகின்றன? ஒரு படகுக்காரர் ஆண்டுதோறும் வாட்டர் பேப்பரால் தேய்த்துப் படகைப் புதிதுபோல் வைத்திருக்கிறார், இன்னொருவர் கழுவி மெழுகு மட்டும் பூசுகிறார் என்றால், பத்தாவது ஆண்டில் யாருடைய படகில் ஜெல்கோட் மிஞ்சியிருக்கும்?

கடைசிக் கேள்விக்கான விவாதம் நீண்டது. இறுகும் நெகிழியை உருக்கி மீண்டும் வார்க்க முடியாது. எனவே கைவிடப்பட்ட ஃபைபர் படகு கரையிலேயே குப்பையாகக் கிடக்கிறது. படகின் ஆயுள் ஓராண்டு நீண்டால், மீனவக் குடும்பத்துக்கு ஓராண்டுக் கடன் மிச்சம். கடற்கரைக்கு ஓராண்டுக் குப்பை மிச்சம். சுற்றுச்சூழல் பாடத்தில் 'பயன்பாட்டைக் குறை' என்பதன் பொருள், இருப்பதை நீண்டநாள் காப்பதும்தான்.

படகுத் துண்டு கிடைக்காத பள்ளிகள், பேருந்துக் கூடு கட்டும் பட்டறையில் கழித்த முகப்புத் துண்டையோ உடைந்த ஃபைபர் கூரைத் தகட்டையோ கேட்டு வாங்கலாம். விளிம்பை மட்டும் முதலில் மூடிவிடுங்கள். நான்கு கட்டம், மூன்று அளவீடு, ஒரு பதிவேடு போதும். ஜூனில் தொடங்கினால் ஆண்டுத் தேர்வுக்குள், உங்கள் ஊர் வெயில் ஒரு பூச்சை என்ன செய்கிறது என்பதை உங்கள் மாணவர்களே எழுதிய எண்களில் காட்டுவார்கள்.